விலை போகாத படகு

அப்பாவின் பஜாஜ் சேத்தக்கை விற்க விளம்பரம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "நீதான் நாள் பூரா கம்ப்யூட்டர்ல தட்டிக்கிட்டு இருக்கியே, நாலு வரி போடு" என்றார். போட்டேன். மாடல் வருடம், ஓடிய கிலோமீட்டர், ஒரே ஓனர், டயர் புதுசு, பேப்பர்கள் சரி. படித்துப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார்: "காலையில ஒரு பக்கமா சாய்ச்சு நிமித்தினா ஒரே உதையில எழுந்துக்கும், அதைப் போடலையா?" அதைப் போட்டால் வண்டியில் கோளாறு என்று நினைப்பார்கள் என்றேன். அப்பாவுக்குப் புரியவில்லை. அவரைப் பொறுத்தவரை அது கோளாறு இல்லை, வண்டியின் குணம். கடைசியில் ஒரு மெக்கானிக் வந்து கிட்டத்தட்ட இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எழுதிய 'எ வேர்ல்ட் ஆஃப் மை ஓன்'. பாய்மரப் படகில் தன்னந்தனியாக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், உலகை முதன்முதலில் சுற்றி வந்தவர் அவர். 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறையிலிருந்து கிளம்பி, 312 நாட்கள் கழித்து 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறைக்குத் திரும்பினார். இது பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதில் தூக்கம் கெடுத்த விஷயம் வேறு. அந்தப் பயணத்துக்கு முன்னால் அவர் தன் படகை விற்கப் பார்த்திருக்கிறார். வாங்க ஆள் வரவில்லை.

கடல் பயண வரலாறுகளில் புயல், திமிங்கிலம், தனிமை எல்லாம் வரும். கொடுக்கல் வாங்கல் ஓரமாகத்தான் வரும். ஆனால் 1968இன் அந்தப் பந்தயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, அதில் யார் பிழைத்தார், யார் செத்தார் என்பதைக் கடன் பத்திரங்கள் பாதி தீர்மானித்துவிட்டனவோ என்று தோன்ற ஆரம்பித்தது.

படகின் பெயர் சுஹைலி. பாரசீக வளைகுடாவின் அரபு மாலுமிகள் தென்கிழக்குக் காற்றுக்கு வைத்த பெயர். பிறந்த ஊர் பம்பாய். நாக்ஸ்-ஜான்ஸ்டன் அப்போது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல்களில் அதிகாரி. பம்பாய்க்கும் வளைகுடாத் துறைமுகங்களுக்கும் இடையே ஓடும் வேலை. இருபதுகளின் நடுவில் இருந்த அவரும் சக அதிகாரிகளும் கூட்டுச் சேர்ந்து, ஒரு படகு கட்டி அதிலேயே ஊருக்குப் போய்விடலாம் என்று திட்டம் போட்டார்கள். இங்கிலாந்திலிருந்து வரைபடம் வரவழைத்தார்கள். வந்து சேர்ந்தது அவர்கள் மனதில் இருந்த படகு இல்லை. திருப்பி அனுப்பி வேறு வாங்கவெல்லாம் நேரம் இல்லை. சரி, இதையே கட்டுவோம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த வரைபடத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. நார்வே கடற்கரையில் புயலில் சிக்கும் மீனவர்களைக் காப்பாற்றுவதற்காகக் காலின் ஆர்ச்சர் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடிவமைத்த மீட்புப் படகுகள்தான் அதன் மூதாதை. மற்றவர்கள் கரைக்கு ஓடும் நேரத்தில் கடலுக்குள் போக வேண்டிய படகுகள் அவை. அதனால் வேகத்தை யாரும் கேட்கவில்லை, மூழ்காமல் இருந்தால் போதும். 1920களில் அமெரிக்கர் வில்லியம் ஆட்கின் அதைச் சுருக்கி 32 அடியில் 'எரிக்' என்ற உல்லாசப் படகாக வரைந்தார். அணியம், பின்புறம் இரண்டும் கூர்மை. அகலம் 11 அடிக்கு மேல், அதாவது நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அடியில் ஏராக்கட்டை ஏறக்குறைய முழு நீளத்துக்கும் ஓடும். இரண்டு பாய்மரங்கள், பின்னது குட்டை. கெட்ச் என்பார்கள்.

1963இல் பம்பாயில் ஏரா போடப்பட்டது. முழுக்கத் தேக்கு. அந்த ஊருக்குத் தேக்கில் கப்பல் கட்டுவது புதிதல்ல. வாடியா குடும்பத்தார் அங்கே கட்டி 1817இல் நீரில் இறக்கிய 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. சுஹைலியின் தச்சர்கள் கையில் இருந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்துக் கருவிகள்தான்: வாய்ச்சி, கை ரம்பம், வில்லும் கயிறும் வைத்துச் சுழற்றும் துரப்பணம். அரபுப் பாய்க்கப்பல் கட்டிய பழக்கத்தில் கட்டினார்கள். 1964 டிசம்பரில் தேங்காய் உடைத்துத் தண்ணீரில் இறக்கினார்கள். இவ்வளவு செய்த அந்தத் தச்சர்களின் பெயர் யாருக்கும் மனப்பாடம் இல்லை. படகைப் பற்றிய கட்டுரைகளில் வரைந்தவர் பெயர் வரும், ஓட்டியவர் பெயர் வரும். இழைத்தவர் பெயர் வராது. நம் ஊர்க் கோபுரங்களுக்கும் அதே கதைதான்.

1965இல் ராபின், அவருடைய தம்பி கிறிஸ், நண்பர் ஒருவர் என மூன்று பேர் பம்பாயிலிருந்து கிளம்பினார்கள். மஸ்கட், மொம்பாசா, டர்பன் என்று ஆப்பிரிக்கக் கரையோரமாகவே இறங்கினார்கள். டர்பனில் காசு தீர்ந்து வேலை பார்த்துச் சேர்த்தார்கள். பிறகு கேப்டவுனிலிருந்து லண்டனுக்கு எங்கும் நிற்காமல் 74 நாட்கள். 1967இல் ஊர் வந்து சேர்ந்தபோது அவரிடம் இருந்த சொத்து அந்தப் படகு மட்டுமே.

அந்த வருடம் மே மாதம் பிரான்சிஸ் சிச்செஸ்டர் 'ஜிப்ஸி மாத் 4' படகில் உலகைத் தனியாகச் சுற்றி பிளிமத் வந்து சேர்ந்தார். நடுவில் ஒரே ஒரு நிறுத்தம், சிட்னி. இனி மிச்சம் இருந்தது நிற்காமல் சுற்றுவது மட்டும். பிரான்சின் எரிக் தாபர்லி அதற்குத்தான் புதுப் படகு கட்டுகிறாரோ என்று ராபினின் அப்பா ஒரு காலைச் சாப்பாட்டு வேளையில் சந்தேகத்தைக் கிளப்ப, பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. முதலில் சுற்றுவது பிரிட்டிஷ்காரனாகத்தான் இருக்க வேண்டும், அது நானாக இருக்கட்டும்.

அப்போதும் சுஹைலியில் போகலாம் என்று அவருக்கு முதலில் தோன்றவில்லை. எந்த இன்ஜினியருக்கும் தோன்றாது. காலின் மூடி என்ற வடிவமைப்பாளரிடம் போய் 53 அடியில் எஃகுப் படகு ஒன்றுக்கு வரைபடம் வாங்கினார். ஆகும் செலவு 5,000 பவுண்டு அளவில். பல நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார், யாரும் கைகொடுக்கவில்லை. மிச்சம் இருந்த ஒரே வழி, கையில் இருப்பதை விற்பது.

நான் அந்த விளம்பரத்தை எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். விற்பனைக்கு: 32 அடி கெட்ச், 1964 கட்டுமானம், இந்தியத் தேக்கு, டீசல் இன்ஜின், இந்தியப் பெருங்கடலும் அட்லாண்டிக்கும் கண்டது. வாங்க வருபவர் கண்ணில் என்ன படும்? மூன்று வயதுப் படகு, நாற்பது வயது வடிவம். அது கண்ணாடியிழைப் படகுகள் ஆலையிலிருந்து வரிசையாக வெளிவரத் தொடங்கியிருந்த காலம். இலேசானவை, வேகமானவை, வருடா வருடம் சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டாம். அவற்றின் பக்கத்தில் இது பம்பாயில் கைரம்பத்தால் அறுத்துக் கட்டிய கனமான மரத்தொட்டி. தேக்குப் பலகையை இரும்பு ஆணிகள் பிடித்திருந்தன, அவை துருப்பிடிக்கும். வேகமோ, பயணம் முழுவதையும் கணக்கிட்டால் 30,123 கடல் மைல், 312 நாள்: மணிக்கு நான்கு நாட். காலையில் பூங்காவில் மெதுவோட்டம் ஓடும் மாமாவின் வேகம். சந்தை அதை வேண்டாம் என்றதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை.

விளம்பரத்தில் வராதது வேறு. இந்தப் படகைக் கட்டும்போது அவர் பக்கத்தில் நின்றிருக்கிறார். எந்தப் பலகை எந்தச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். பம்பாயிலிருந்து லண்டன் வரை அதில் தூங்கி எழுந்திருக்கிறார். ராத்திரியில் அது முனகினால் எந்த முனகல் பயப்பட வேண்டியது, எது வேண்டாதது என்று தெரியும். இந்த அறிவைக் கைமாற்ற முடியாது. அதனால் அதற்கு விலையும் கிடையாது. வாங்குபவர் அதற்குப் பணம் தரமாட்டார், விற்பவர் அதைப் பிரித்து எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியாது.

என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். பத்து வருடப் பழைய கோடு, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓடிக்கொண்டிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரமே "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதிடலாம் ப்ரோ" என்பார். நானும் அப்படிச் சொன்னவன்தான். அந்த ஒவ்வொரு ஒட்டும் யாரோ ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்குக் கற்றுக்கொண்ட பாடம் என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. ஆனால் உவமையை ரொம்ப இழுக்கக் கூடாது. சில சமயம் பழைய கோடு நிஜமாகவே குப்பைதான்.

ஆள் வரவில்லை. சரி, இதிலேயே போகிறேன் என்று முடிவெடுத்தார். புத்தகத்துக்கு ஒரு பதிப்பகம், செய்திக்குச் 'சண்டே மிரர்' என்று ஏஜென்ட் மூலம் முன்பணம் கிடைத்தது. அவரும் கடனே இல்லாத ஆள் என்று சொல்லமாட்டேன். ஆனால் படகு அவருடையது. வழியில் அதைக் கைவிட்டுத் திரும்பினால் அவமானம் வரும், நஷ்டம் வரும். வீடு போகாது.

1968 மார்ச்சில் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை இதைப் பந்தயமாக அறிவித்தது. முதலில் சுற்றி வருபவருக்குத் தங்க உருண்டைக் கோப்பை, குறைந்த நாளில் சுற்றியவருக்கு 5,000 பவுண்டு. ஜூன் 1க்கும் அக்டோபர் 31க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். ஒன்பது பேர் கிளம்பினார்கள்.

ஒன்பதாவது வரிசையில், கடைசி நாளில் கிளம்பியவர்களில் ஒருவர் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். அவரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்கும். எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். படகுகளுக்கான திசையறியும் கருவி ஒன்றைச் செய்து விற்கும் சின்னக் கம்பெனி. நம் பாஷையில் சொன்னால் ஸ்டார்ட்-அப், அதுவும் தள்ளாடிக்கொண்டிருந்த ஸ்டார்ட்-அப். மனைவி, நான்கு குழந்தைகள். இன்னொரு ஒட்டுறவு, பிறந்தது 1932இல் காஜியாபாத்தில். சுதந்திரத்துக்குப் பிறகு குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. துணைக்கண்டத்தில் முதலீடு செய்திருந்த சேமிப்பு பிரிவினைக் கலவரத்தில் கரைந்தது.

அவரிடம் பெருங்கடலுக்கு ஏற்ற படகு இல்லை. சிச்செஸ்டரின் ஜிப்ஸி மாத் 4 படகை இரவல் கேட்டார். அதை கிரீனிச்சில் காட்சிக்கு வைக்க ஏற்பாடாகியிருந்தது, கிடைக்கவில்லை. ஒருவர் விற்கப் பார்த்து முடியவில்லை, இன்னொருவர் இரவல் வாங்கப் பார்த்து முடியவில்லை. இந்த இடத்தில்தான் இரண்டு வாழ்க்கைகளும் பிரிந்தன என்று நினைக்கிறேன். க்ரோஹர்ஸ்டுக்குப் புதுப் படகு கிடைத்தது. கம்பெனியில் ஏற்கெனவே பணம் போட்டிருந்த முதலீட்டாளர் செலவை ஏற்றார். பதிலுக்குக் கம்பெனியும் வீடும் ஈடு.

அந்தப் படகு 'டின்மத் எலெக்ட்ரான்'. மூன்று உடல் கொண்ட 40 அடி டிரைமரன். வேகமானது, கவிழ்ந்தால் தானாக நிமிராது. அதற்கு அவர் ஒரு தீர்வு வைத்திருந்தார்: பாய்மர உச்சியில் காற்றுப் பை, கவிழும் நிலையை உணர்ந்து அதை ஊதச் செய்ய ஒரு கம்ப்யூட்டர். 1968இல்! யோசனையில் தப்பு இல்லை. நேரம்தான் இல்லை. அவசர அவசரமாகக் கட்டி, கெடுவின் கடைசி நாளில் கிளம்பியபோது கேபின் முழுக்கக் கம்பிகள் ஓடின. அவை போய்ச் சேர வேண்டிய கம்ப்யூட்டர் இல்லை. ரிலீஸ் தேதிக்கு முந்தின ராத்திரியை அனுபவித்த எவருக்கும் அந்தக் கேபின் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

இதே மாதங்களில் சுஹைலியிலும் எல்லாம் உடைந்துகொண்டுதான் இருந்தது. அட்லாண்டிக்கில் இறங்கிய சில வாரங்களிலேயே ஏராவுக்கு மேலே பலகை இணைப்பு பிளந்து தண்ணீர் ஏறியது. பலகைச் சந்தில் பஞ்சைத் திணித்து அடைப்பதை நம் கடற்கரைகளில் கலப்பற்று என்பார்கள். அதைப் படகைக் கரையேற்றி வைத்துச் செய்வார்கள். இவர் நடுக்கடலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, சுத்தியலோடு செய்தார். வெளுத்த உடம்பு சுறாவின் கண்ணில் படாதிருக்கக் கறுப்பு உடை. பஞ்சு நிற்கவில்லை. கான்வாஸ் பட்டை வைத்து, அதன் மேல் செம்புத் தகடு ஆணியடித்தார். நடுவில் சுறா ஒன்று சுற்ற ஆரம்பித்தது; மேலேறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடி வேலையைத் தொடர்ந்தார். தென்கடலில் அலை ஒன்று படகைப் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டதில் கேபின் கட்டுமானமே நகர்ந்து விரிசல் விட்டது. தொட்டிகளில் குடிநீர் கெட்டது, மழைநீரைப் பிடித்துக் குடித்தார். வானொலியில் பேச முடியாமல் போனது. ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது தானியங்கிச் சுக்கான் அமைப்பு உடைந்து ஒழிந்தது.

தனி ஆளுக்குத் தானியங்கிச் சுக்கான் போனால் பயணம் முடிந்தது என்று அர்த்தம். இருபத்து நாலு மணி நேரமும் யாரால் சுக்கான் பிடிக்க முடியும்? இங்கேதான் அந்த மீட்புப் படகுப் பூர்வீகம் உதவிக்கு வந்தது. அவ்வளவு நீள ஏராவுள்ள படகு சட்டென்று திரும்பாது. விற்கும்போது அது குறை. ஆனால் அதே காரணத்தால் ஒரு திசையில் விட்டால் அதிலேயே போய்க்கொண்டிருக்கும். பாய்களைக் கொஞ்சம் இழுத்தும் தளர்த்தியும் சமநிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் சுஹைலி தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும். அவர் படுத்துத் தூங்கினார். அப்பாவின் சேத்தக் இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

1969 ஜனவரி 17 அன்று ஹார்ன் முனையைக் கடந்தார். நியூசிலாந்தை விட்டபின் நாலரை மாதம் உலகத்துக்கு அவரைப் பற்றித் தகவலே இல்லை. ஏப்ரல் 6 அன்று அசோர்ஸ் தீவுகள் பக்கம் ஓர் எண்ணெய்க் கப்பல் அவரைப் பார்த்துச் செய்தி அனுப்பியது.

க்ரோஹர்ஸ்டும் அப்போது மௌனமாக இருந்தார், வேறு காரணத்துக்காக. இரண்டு வாரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் படகு தென்கடலில் தாங்காது என்று. திரும்பினால் கம்பெனி போகும், வீடு போகும். போனால் உயிர் போகும். மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார்: பொய். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவது போல இடக்குறிப்புகள் எழுதினார். டிசம்பரில் ஒரே நாளில் 243 மைல் ஓடியதாக அறிவித்தார், பத்திரிகைகள் கொண்டாடின. போகாத இடங்களின் கணக்கைப் பின்னோக்கிப் போட்டு எழுதுவது உண்மையாகப் போவதைவிடக் கஷ்டமான கணிதம். அந்த மூளையை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பொய் இன்னொருவரையும் இழுத்துக்கொண்டு போனது. நைஜல் டெட்லி அதே வகை டிரைமரனில் நிஜமாகவே சுற்றி முடிக்கும் தறுவாயில் இருந்தார். க்ரோஹர்ஸ்ட் பின்னாலேயே வருகிறார் என்று நம்பி, நைந்துபோன படகை விரட்டினார். மே மாதம் அது உடைந்து மூழ்கியது, அவர் மீட்கப்பட்டார். இப்போது வேகப் பரிசு க்ரோஹர்ஸ்டுக்கு. பரிசு என்றால் குறிப்பேட்டை நிபுணர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். ஜூலை 1 அன்று அவருடைய எழுத்து நின்றது. ஜூலை 10 அன்று ஆளில்லாமல் மிதந்த படகை ஒரு கப்பல் கண்டெடுத்தது. அவர் உண்மையில் போன பாதையைக் காட்டும் குறிப்பேடுகள் படகிலேயே இருந்தன. அவர் கடலில் குதித்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் முடிவு.

இங்கே என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். சுஹைலி அந்தச் செப்டம்பர் அலையில் மூழ்கியிருந்தால் இதே கட்டுரையை நான் மாற்றி எழுதியிருப்பேன்: விலை போகாத பழைய மரப்படகில் பிடிவாதமாகப் போய்ச் செத்த இளைஞன் என்று. பிழைத்தவர்களை வைத்துப் பாடம் எடுப்பதில் இந்த அபாயம் எப்போதும் உண்டு. மூடி வரைந்த எஃகுப் படகு கட்டப்பட்டிருந்தால் அது நூறு நாள் முன்னாலேயே வந்திருக்கலாம். அதனால் பழசு நல்லது, புதுசு மோசம் என்று நான் சொல்லவரவில்லை. நான் சொல்வது சின்ன விஷயம். நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு ஒவ்வொரு நாள் காலையிலும் "போதும், திரும்பலாம்" என்று முடிவெடுக்கும் சுதந்திரம் இருந்தது. அந்தச் சுதந்திரம் இருந்ததால் தொடர்ந்து போக முடிந்தது. க்ரோஹர்ஸ்டுக்கு அது கிளம்பும் முன்பே எழுத்தில் பறிபோயிருந்தது.

ஃபால்மத்தில் நுழையும்போது சுங்க அதிகாரிகள் வழக்கப்படி எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். ஃபால்மத்திலிருந்து என்றார். முடித்தவர் அவர் ஒருவரே என்பதால் கோப்பை, பணம் இரண்டும் அவருக்கே. க்ரோஹர்ஸ்டின் சாவு தெரியவந்தபோது 5,000 பவுண்டையும் அப்படியே அவருடைய மனைவிக்கும் குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டார். எஃகுப் படகுக்காகத் தேடியலைந்தும் கிடைக்காமல் போனதும் கிட்டத்தட்ட இதே தொகைதான்.

டின்மத் எலெக்ட்ரான் கைமாறிக் கைமாறி, கரீபியக் கடலின் கேமன் பிராக் தீவில் கரையேற்றப்பட்டு, செடிகொடிகளுக்கு நடுவே உளுத்துப் போனது. பந்தயத்தில் கோவாவிலிருந்து ஒரு பின்கதையும் உண்டு. 2018இல் அதே பந்தயத்தைப் பழைய விதிகளோடு மறுபடி நடத்தியபோது, நீள ஏரா கொண்ட பழைய வடிவப் படகுகள் மட்டுமே அனுமதி என்றார்கள். அபிலாஷ் டோமி கோவாவில் கட்டப்பட்ட சுஹைலியின் நகலான 'துரியா'வில் போனார். தென்னிந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரங்கள் முறிந்து, முதுகெலும்பு நொறுங்கி, பிரெஞ்சுக் கப்பல் ஒன்றால் மீட்கப்பட்டார். துரியாவைக் கடலிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அதே வடிவம்தான்.

சுஹைலியை அவர் பிறகு விற்கவே இல்லை. 1997இல் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பொருட்கள் கெடாமலிருக்க அங்கே காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவார்கள். ஓவியங்களுக்கு நல்லது. ஈரத்திலேயே வாழ்ந்த தேக்குப் பலகைகள் காய்ந்து சுருங்க ஆரம்பித்தன. 2002இல் அவர் படகை வெளியே எடுத்துவிட்டார். எழுபது வயதைக் கடந்தபின், பம்பாய்த் தச்சர்கள் அடித்த துருப்பிடித்த இரும்பு ஆணிகளை உருவிவிட்டு, வெண்கல ஆணிகளைப் போடும் வேலையில் தானும் இறங்கினார். 2018 ஜூன் 14 அன்று, கிளம்பி சரியாக ஐம்பது வருடம் கழித்து, அதே படகில் ஃபால்மத்திலிருந்து மறுபடி பாய் விரித்தார்.